ஒரு தடவை அடுப்பு, மூன்று ராத்திரி சாப்பாடு

வெளியூரிலிருந்து வந்து, ஹாஸ்டலில் இடம் கிடைக்காமலோ ஹாஸ்டல் சாம்பாருக்குப் பயந்தோ, நாலு பேராகச் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர்களுக்காக எழுதியது இந்தக் கட்டுரை. அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வருகிற அதிர்ஷ்டசாலிகள் நேரே அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போய்விடலாம். ஆனால் நாளைக்கே அப்ரண்டிஸ் ஆர்டர் வந்து ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ பெட்டியைத் தூக்கும்போது இந்தப் பக்கத்தைத் தேடுவீர்கள். ஆகவே ஓரத்தை மடித்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் நிலைமை நமக்கே தெரியும். சாயங்காலம் லேப் முடிந்து ரூமுக்கு வரும்போது கையில் ரெக்கார்டு நோட்டு, டிராயிங் ஷீட். ஏழரை மணிக்குப் பசிக்க ஆரம்பிக்கும். "மச்சான், இன்னிக்கு யார் சமையல்?" என்று ஒருவன் கேட்பான். பதில் வராது. கடைசியில் நாலு பேரும் சட்டையை மாட்டிக்கொண்டு பரோட்டாக் கடைக்கு நடப்பார்கள். பரோட்டாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சால்னா ஊற்றிப் பிசைந்த பரோட்டாவுக்கு ஈடு எது? ஆனால் அதையே வாரத்தில் ஆறு நாள் சாப்பிட்டால் வயிறும் பர்ஸும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகும்.

தினமும் சமைப்பதில் என்ன கஷ்டம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடுப்பில் பொருள் வேகிற நேரம் நம்மை ஒன்றும் செய்வதில்லை. வெங்காயம் உரிப்பது, இஞ்சி பூண்டு தட்டுவது, கடைக்கு ஓடுவது, கடைசியில் பாத்திரம் தேய்ப்பது, இவைதான் ஆளைக் கொல்லும் வேலைகள். மெக்கானிக்கல்காரர்களுக்கு இதன் பெயர் தெரியும்: செட்டப் டைம். லேத்தில் ஒரு ஜாபை மாட்டி, சென்டர் பார்த்து, டூல் ஹைட் சரி செய்வதற்கு ஆகிற நேரம் ஒரு பீஸுக்கும் அதேதான், பன்னிரண்டு பீஸுக்கும் அதேதான். அதனால்தான் தொழிற்சாலையில் பேட்ச் போடுகிறார்கள். நாலு பேர், மூன்று ராத்திரி என்றால் பன்னிரண்டு சாப்பாடு. பன்னிரண்டையும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே ஒரே செட்டப்பில் முடித்துவிடலாம். நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஆறரை மணிக்குள் பாத்திரமே கழுவியாகிவிடும். திங்களும் செவ்வாயும் கால் மணி நேர வேலைதான்.

இந்த ஏற்பாட்டுக்குச் சோறும் கோழிக்கறியும் மாதிரி ஜோடி கிடையாது. இரண்டும் மொத்தமாகச் செய்யத் தோதானவை, விலையும் நமக்குக் கட்டுப்படியாகும். ஆனால் இந்த இரண்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சமைப்பதை விட, சமைத்ததை ஆற வைப்பதில்தான் அது ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன். முதலில் அளவு.

ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 125 கிராம் அரிசி. பன்னிரண்டு சாப்பாட்டுக்கு ஒன்றரை கிலோ. வெந்த பிறகு அது நாலு கிலோவுக்கு மேல் வரும். கறியும் ஒன்றரை கிலோ, எலும்போடு. கடையில் கேட்கும்போது உயிர் எடையா, கறி எடையா என்று தெளிவாகக் கேளுங்கள். போர்டில் கொட்டை எழுத்தில் குறைவாகத் தெரிகிற விலை பெரும்பாலும் உயிர்க் கோழிக்கு. தோல், இறகு, குடல் எல்லாம் போனால் எடை நன்றாகவே இறங்கிவிடும். "அண்ணே, உரிச்ச கறியா ஒன்றரை கிலோ, குழம்புக்கு வெட்டுங்க, லெக் பீஸை ரெண்டா போடுங்க" என்று சொல்லிவிட்டால் தகராறு இல்லை.

நாம் வாங்குகிற பிராய்லர் கோழி ஏறக்குறைய நாற்பது நாளில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடுகிற ஜாதி. இளசான கறி. இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் வெந்துவிடும். நாட்டுக்கோழியாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அது வேகிற வரைக்கும் ஒரு யூனிட் படித்து முடித்துவிடலாம்.

கறியைக் கழுவுவதில் ஒரு விஷயம். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்று சில கிருமிகள் இருக்கக்கூடும். குழாயை முழு வேகத்தில் திறந்து அதன் அடியில் கறியைக் காட்டினால் கிருமி போகாது. அதற்குப் பதிலாக, தெறிக்கிற தண்ணீரோடு சேர்ந்து பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு, டம்ளர் மேலெல்லாம் போய் உட்காரும். அதனால் கழுவவே வேண்டாம் என்கிறார்கள் உணவுப் பாதுகாப்பு நிபுணர்கள். நம் வீடுகளில் கழுவாத கறியை யாரும் அடுப்பில் ஏற்ற விடமாட்டார்கள், அதுவும் நிஜம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, கறியை அதற்குள் போட்டு மெதுவாக அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் சாய்த்துக் கொட்டுங்கள். பிறகு கையையும் சிங்க்கையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறி வெட்டிய கத்தியால் அப்படியே வெங்காயம் வெட்டக் கூடாது.

இனி சமையல். மொத்தமாகச் செய்யும்போது ஒரே குழம்பை மூன்று நாளுக்கும் வைத்துவிடுவதுதான் பலரும் செய்கிற வேலை. செவ்வாய்க்கிழமை அந்தக் குழம்பைப் பார்த்தாலே பரோட்டாக் கடை ஞாபகம் வந்துவிடும். ஆகவே அடிப்படையாக ஒரு கறித் தொக்கு மட்டும் செய்துகொள்வோம். அதிலிருந்து தினம் ஒரு அவதாரம் எடுக்க வைக்கலாம்.

அகலமான சட்டியில் அரை டம்ளர் எண்ணெய். அரை கிலோ வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, பொன்னிறம் தாண்டுகிற வரை வதக்குங்கள். அவசரப்படாதீர்கள், இந்த இடத்தில் மிச்சப்படுத்துகிற பத்து நிமிஷம் மூன்று நாளும் நாக்கில் தெரியும். மூன்று பெரிய கரண்டி இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாசனை போனதும் நாலு தக்காளி. தக்காளி கரைந்து எண்ணெய் பிரியும்போது ஒரு சிறு கரண்டி மஞ்சள், மூன்று சிறு கரண்டி மிளகாய்த்தூள், ஐந்து சிறு கரண்டி மல்லித்தூள், நாலு சிறு கரண்டி உப்பு. கறியைப் போட்டு நன்றாகப் புரட்டி, அரை டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு மூடி வையுங்கள். கறியே தண்ணீர் விடும். இடையில் இரண்டு தடவை கிளறினால் போதும். தேங்காய் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம். தேங்காய் அரைத்து விட்டது சீக்கிரம் கெட்டுவிடும் என்பது நம் ஊர் ஆயாக்களுக்கெல்லாம் தெரிந்த பாடம்.

வெந்ததா என்று பார்க்க, இருப்பதிலேயே தடிமனான லெக் பீஸை எடுத்து எலும்பு வரை கீறுங்கள். உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது, வடிகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும். தண்டுத் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கறி வெந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு அடுப்பில் சோறு. ஒன்றரை கிலோவை அஞ்சு லிட்டர் குக்கரில் திணிக்க முடியாது. குக்கரில் அரிசி வைத்தால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது வேறு இருக்கிறது. பத்து லிட்டர் குண்டானில் உலை வைத்து, கஞ்சி வடிக்கிற பழைய முறைதான் சரி. வடித்த சோறு பொலபொலவென்று இருக்கும், ஆறிய பிறகும் உதிரும். புழுங்கல் அரிசியாகப் பார்த்து வாங்குங்கள். நெல்லாக இருக்கும்போதே ஒரு தடவை வேகவைத்துக் காய வைத்த அரிசி அது. மணி கெட்டியாக இருக்கும், மூன்று நாள் தாங்கும். பச்சரிசி குழைந்து ஒட்டிக்கொள்ளும். அரை மணி ஊறப் போட்டு, உலை கொதித்ததும் போட்டு, பதத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே வடித்துவிடுங்கள். மறுபடி சூடு பண்ணும்போது மீதி வெந்துகொள்ளும்.

"சமையல் எல்லாம் பொம்பளைங்க வேலைடா" என்று ஒருவன் ஒவ்வொரு ரூமிலும் இருப்பான். கல்யாண வீட்டில் அண்டாவைக் கிளறுகிற மாஸ்டர் யார் என்று அவனைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வெங்காயத்தை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்போது மணி ஐந்தரை. குண்டான் நிறையச் சோறு, சட்டி நிறையக் கறி. நாலு பேரும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, மீதியை அப்படியே மூடி வைத்துவிட்டு, சினிமாவுக்குக் கிளம்புகிற நேரம். வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆறாத சோற்றின் கதை

பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா. நம் தமிழ்க் காதுக்குப் பெயரிலேயே சீரியஸ் இருக்கிறது. லத்தீனில் அதற்கு மெழுகு போன்றது என்றுதான் அர்த்தமாம். மண்ணில் இருக்கிற கிருமி இது, ஆகவே நெல்லிலும் அரிசியிலும் சகஜமாக இருக்கும். வறட்சி, சூடு எது வந்தாலும் ஸ்போர் என்கிற வித்தாக மாறி, ஓட்டுக்குள் ஆமை மாதிரி அடங்கிவிடும். கொதிக்கிற உலையில் மற்ற கிருமிகள் செத்துவிடும், இந்த வித்துகள் சாவதில்லை. குக்கரில் வைத்தால்? உள்ளே சுமார் 120 டிகிரி வரை போவதால் பெரும்பகுதி அழியலாம். ஆனால் மூடியைத் திறந்து கரண்டி விட்ட பிறகு அந்தச் சோறும் வெளி உலகத்துச் சோறுதான்.

சூடாக இருக்கிற வரை வித்து தூங்கும். சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினதும் அதற்கு விழிப்பு வரும். வெதுவெதுப்பான, ஈரமான, மாவுச்சத்து நிறைந்த இடம், போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை. முளைத்துப் பெருக ஆரம்பித்துவிடும். பெருகும்போது ஒரு விஷத்தைச் சோற்றிலேயே விட்டுவைக்கும். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியை உணவு விஞ்ஞானத்தில் அபாயப் பகுதி என்கிறார்கள். அந்தப் பகுதியைச் சோறு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"அட, அதான் மறுபடி சூடு பண்ணித்தானே சாப்பிடறோம்?" இந்தக் கேள்வியை எல்லா ரூமிலும் கேட்டிருக்கிறேன். நண்பர்களே, சூடு பண்ணினால் பாக்டீரியா சாகும். அது முன்னாலேயே விட்டுவைத்த விஷம் சாகாது, ஏனென்றால் அது உயிருள்ள பொருளே இல்லை. இந்தக் கிருமியின் வாந்தி உண்டாக்கும் விஷத்துக்கு செரியுலைட் என்று பெயர். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதது. நம் கேஸ் அடுப்பில் பத்து நிமிஷம் காட்டுகிற சூடு அதற்கு வெயில் காய்கிற மாதிரி.

2008-ஆம் வருடம் அக்டோபரில் பெல்ஜியம் நாட்டில் நடந்தது இது. 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் முன்னால் சமைத்து, ஃபிரிட்ஜில் வைக்காமல் சமையலறையிலேயே விட்டிருந்த ஸ்பாகெட்டியை மைக்ரோவேவ் அடுப்பில் சூடு பண்ணிச் சாப்பிட்டார். ஸ்பாகெட்டி என்பது நம் சேமியா மாதிரி கோதுமையில் செய்வது. சாப்பிட்டுவிட்டு விளையாடப் போனவர் அரை மணியில் தலைவலி, வயிற்றுவலி என்று திரும்பி வந்தார். மணிக்கணக்கில் வாந்தி. டாக்டரிடம் போகவில்லை, வெறும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை. ஸ்பாகெட்டியில் இருந்தது இதே பேசில்லஸ் சீரியஸ்தான். 2011-இல் இந்தச் சம்பவம் ஒரு மருத்துவ ஆராய்ச்சி இதழில் விவரமாக வெளியானது. இந்த அளவுக்குப் போவது மிக மிக அபூர்வம். பெரும்பாலும் ஒரு ராத்திரி வாந்தியோடு முடிந்துவிடும். ஆனால் அந்த ராத்திரி பிராக்டிகலுக்கு முந்தின ராத்திரியாக இருந்தால் ஒரு செமஸ்டர் போச்சு.

வாந்தி வகை சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அடங்காமல் போனாலோ, தலை சுற்றி ஆள் சோர்ந்தாலோ, சோடா குடித்துப் பார்ப்பது, ஓமத் தண்ணீர் குடித்துப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

பவுண்டரி பாடம்

எவ்வளவு வேகமாக ஆற வைப்பது? பவுண்டரி பாடத்தில் ரைசர் பற்றிப் படித்திருப்போம். மெல்லிய பகுதி முதலில் உறையும், தடித்த பகுதி கடைசியில் உறையும் என்பதால்தான் ரைசரைக் குண்டாக வைக்கிறோம். இதற்கு ச்வோரினோவ் விதி என்று பெயர். கன அளவைப் பரப்பளவால் வகுத்து, வருகிற எண்ணின் வர்க்கத்துக்குத் தக்கபடி உறையும் நேரம் கூடும். சோறு உருகிய இரும்பு இல்லைதான். ஆனாலும் நடுவிலிருக்கிற சூடு வெளியே நடந்து வருவதற்கு ஆகும் நேரத்தில் இதே வர்க்கக் கணக்குதான் வேலை செய்கிறது.

நம் குண்டானைப் போட்டுப் பார்ப்போம். 25 சென்டிமீட்டர் விட்டம், 15 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சோறு. கன அளவு சுமார் 7,360. மேல், கீழ், சுற்றுப் பக்கம் சேர்த்துப் பரப்பு சுமார் 2,160. வகுத்தால் 3.4. அதே சோற்றை 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு தாம்பாளங்களில் பரப்பினால் இரண்டரை சென்டிமீட்டர் உயரம்கூட வராது. ஒவ்வொரு தாம்பாளத்துக்கும் வகுத்துப் பார்த்தால் 1.05. விகிதம் மூன்று மடங்குக்குச் சற்று மேல், வர்க்கம் எடுத்தால் பத்து மடங்கு! காற்று சூட்டை எடுத்துக்கொள்கிற வேகம் என்று இன்னொன்று இருப்பதால் சமையலறையில் பத்து மடங்கு அப்படியே கிடைக்காது. அதில் பாதி கிடைத்தாலும் நாம் பிழைத்தோம். மூடி வைத்த குண்டானின் நடுச் சோறு ராத்திரி முழுவதும் வெதுவெதுப்பாகவே கிடக்கும். தாம்பாளத்துச் சோறு ஃபேன் காற்றில் இருபது முப்பது நிமிஷத்தில் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும்.

ஆவியும் இதில் ஒரு கூலியில்லா வேலைக்காரன். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போகும்போது சுமார் 2,260 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நூறு கிராம் சோற்றை ஏறக்குறைய ஆறு டிகிரி இறக்க அது போதும். மூடியைப் போட்டால் ஆவி திரும்பச் சொட்டி, எடுத்த சூட்டைக் கொடுத்துவிடும். கல்யாண வீட்டில் வடித்த சோற்றைப் பாய் மேல் வேட்டி விரித்துக் கொட்டிப் பரப்புகிறார்களே, அந்த மாஸ்டர்கள் ச்வோரினோவைப் படிக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்வதும் இதைத்தான்.

கறித் தொக்கைப் பரப்ப முடியாது. அதற்குத் தண்ணீர் வழி. சட்டியோடு தூக்கி, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பெரிய பேசினில் உட்கார வைத்து, கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். தண்ணீர் சூடானதும் மாற்றுங்கள், ஐஸ் கட்டி இருந்தால் போடுங்கள். தண்ணீர் வெப்பத்தைக் கடத்துகிற திறன் காற்றைப் போல இருபது மடங்குக்கும் மேல். ஆட்டோமொபைல் நண்பர்களுக்கு வாட்டர் ஜாக்கெட் என்றால் உடனே புரிந்துவிடும். குழம்பு, தொக்கு வகைகளில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று வேறொரு வித்துக் கிருமி உண்டு. பெயரும் குணமும்தான் வேறு, அதற்கும் வெதுவெதுப்புதான் பிடிக்கும்.

சமைத்த சாப்பாடு வெளியே இருக்கலாம் என்று சொல்லப்படுகிற நேரம் இரண்டு மணி. அறையின் சூடு 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணிதான். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சமைக்கிற நாம் ஒரு மணி என்றே வைத்துக்கொள்வோம். சினிமாவுக்கு ராத்திரிக் காட்சி போகலாம்.

ஃபிரிட்ஜுக்குள் குடித்தனம்

நாலு பேர் ரூமில் பெரும்பாலும் இருப்பது யாரோ விட்டுப்போன ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். அதற்குள் ஆவி பறக்கிற குண்டானைத் தூக்கி வைத்தால் குண்டானும் ஆறாது, பக்கத்தில் இருக்கிற பாலும் கெடும். ஆறிய சோற்றை ஆள் கணக்கில் எட்டு டப்பாக்களில் போடுங்கள், தொக்கை இரண்டு தட்டையான டப்பாக்களில். டப்பாக்களுக்கு நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள். உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். டப்பா மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் கிழமை எழுதி ஒட்டிவிடுங்கள். "இது எப்ப வச்சதுடா?" என்ற கேள்வியே எழக் கூடாது. பச்சைக் கறி ஏதாவது வாங்கி வைத்திருந்தால் அது கீழ்த் தட்டில், சமைத்தது மேல் தட்டில். பச்சைக் கறியின் தண்ணீர் சோற்றில் சொட்டினால் இவ்வளவு பாடுபட்டதும் வீண்.

கரண்ட் போனால்? 2012-இல் நம் மாநிலத்தில் இருந்த மின்வெட்டை அண்ணன்மார்கள் கதை கதையாகச் சொல்வார்கள். இப்போது அந்த அளவு இல்லாவிட்டாலும் லைன் ஃபால்ட் என்று மூன்று மணி நேரம் போவது உண்டு. கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் வரை ஃபிரிட்ஜ் தன் குளிர்ச்சியை வைத்திருக்கும். "கூலிங் இருக்கா பார்ப்போம்" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறப்பவனைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள்.

ஃபிரிட்ஜே இல்லாத ரூம் என்றால் கறியை மொத்தமாகச் செய்யாதீர்கள். அன்றைய கறி அன்றைக்கே தீர வேண்டும். மூன்று நாளுக்குச் சேர்த்துச் செய்ய ஆசையாக இருந்தால் புளிக்காய்ச்சல் செய்து வையுங்கள். புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து அதைக் காப்பாற்றும். மீந்த சோற்றுக்கு நம் பாட்டிமார் வழி இருக்கவே இருக்கிறது. ஆறியதும் முழுகத் தண்ணீர் ஊற்றினால் லாக்டிக் அமிலம் உண்டாக்குகிற பாக்டீரியாக்கள் பெருகி, விடிவதற்குள் புளிப்பு ஏறும். புளிப்பு ஏற ஏற மற்றக் கிருமிகளுக்கு வாழ இடம் குறையும். அதைக் காலையிலேயே சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டுவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிய பழைய சோறும், ஊற்றாமல் மூடி வைத்து மறந்துபோன சோறும் ஒன்று என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு ஜாதி.

தினம் ஒரு அவதாரம்

ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப் போயிருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வேகும்போது தண்ணீர் குடித்து இளகிய மாவுச்சத்து, குளிரில் மறுபடி நெருங்கி இறுகிக்கொள்கிறது. சிவில் நண்பர்கள் கான்கிரீட் ஞாபகத்தில் பார்ப்பார்கள், ஆனால் இது திரும்ப இளகும். ஒரு டப்பா சோற்றுக்கு இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, இட்லிப் பானையிலோ மூடிய சட்டியிலோ ஆவி நன்றாக மேலே வருகிற வரை வைத்தால் புதுச் சோறு மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு வேண்டிய டப்பாவை மட்டும் வெளியே எடுங்கள். ஒரு தடவை சூடு பண்ணியதைத் திரும்ப உள்ளே வைப்பது என்ற பேச்சே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தொக்கில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, ஒரு மூடித் தேங்காயை சோம்போடு அரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டால் குழம்பு.

திங்கட்கிழமை வறுவல். மிளகும் சீரகமும் இரண்டிரண்டு சிறு கரண்டி எடுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய், பிறகு தொக்கு. முதலில் மூடி வைத்து உள் வரை கொதிக்கச் சூடேற்றிவிட்டு, பிறகு திறந்து சுருள வதக்கி, கடைசியில் பொடியைத் தூவுங்கள். சோற்றுக்கு ரசமோ தயிரோ போதும். ரூமில் சைவ நண்பர் இருந்தால் ஞாயிறு காலையே கொண்டைக்கடலை ஊறப் போட்டு, தனிச் சட்டியில் அவருக்கும் இதே தொக்கு, இதே வறுவல்.

செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் பிடித்த நாள். குளிரில் இறுகி உதிரி உதிரியாக நிற்கிற சோறு ஃப்ரைட் ரைஸுக்கென்றே பிறந்தது. சுடுசோற்றில் செய்தால் களியாகிவிடும், ஓட்டல்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி இது. தொக்கிலுள்ள கறியைச் சூடு பண்ணி எலும்பிலிருந்து பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வாணலியை நன்றாகக் காய வைத்து எண்ணெய் விட்டு, நாலு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, கோஸும் கேரட்டும் இருந்தால் போட்டு, கறி, சோறு, மிளகுத்தூள். தீயைக் குறைக்காதீர்கள். இரண்டு ஆள் சோறாகப் பிரித்து இரண்டு தடவை செய்தால்தான் வாணலியின் சூடு இறங்காது. நாலு பேர் சோற்றையும் ஒன்றாகக் கொட்டினால் அது வறுபடாது, புழுங்கும்.

செவ்வாய் ராத்திரிக்குப் பிறகும் ஒரு டப்பா சோறு மீந்திருந்தால் புதன்கிழமைக்கு ஆகும். வியாழக்கிழமை அதைத் திறந்து மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த விஷத்துக்கு வாசனை கிடையாது. கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவி வையுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும்.